395-இல் நம்மவர்கள் நிற்காத இடம்

லாஸ் ஏஞ்சலஸ் பக்கம் இருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கு 395 நெடுஞ்சாலையைப் பற்றி நான் புதிதாக ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை. டிசம்பர் பிறந்தால் பிள்ளைகளுக்குப் பனி காட்ட மாமத் போகிற சாலை. புளிசாதமும் தயிர்சாதமும் கட்டிக்கொண்டு விடியற்காலையில் கிளம்ப வேண்டியது, மொஹாவியில் பெட்ரோல், பிஷப் ஊர் பேக்கரியில் ரொட்டி, அப்புறம் நேரே மாமத். நடுவில் லோன் பைன், இன்டிபென்டன்ஸ் என்று இரண்டு சின்ன ஊர்கள் வரும். வேக வரம்பு சட்டென்று குறையும், டிக்கெட் வாங்கிவிடக் கூடாது என்கிற கவனத்திலேயே அவற்றைத் தாண்டிவிடுவோம். அந்த இரண்டு ஊர்களுக்கும் இடையில், வடக்கே போகும்போது இடது கைப் பக்கம், வெட்டவெளியில் ஒரு காவல் கோபுரம் தெரியும். அதுதான் மான்சனார், இரண்டாம் உலகப் போரின்போது ஜப்பானிய வம்சாவளியினரை அடைத்து வைத்த முகாம். "அங்கே என்ன இருக்கு, ரெண்டு கொட்டகைதான்" என்று சொல்லிவிட்டு வண்டியை விடுகிறவர்களே அதிகம்.

போன ஏப்ரலில் அப்பா ஊரிலிருந்து வந்திருந்தார். பொதுப்பணித் துறையில் பாசனப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். டிஸ்னிலேண்டைக் காட்டினால் "சரி, பார்த்தாச்சு" என்று முடித்துவிடுகிற மனிதர். அவரைக் கூட்டிக்கொண்டு 395-இல் போனேன். மான்சனார் கல்லறைத் தோட்டத்தில் வெள்ளைத் தூண் ஒன்று நிற்கிறது. அதற்குப் பின்னால் பனி மூடிய சியரா நெவாடா, மேலே துடைத்துவிட்ட மாதிரி நீல வானம். அப்பாவைத் தூணுக்குப் பக்கத்தில் நிற்கவைத்து ஒரு படம் எடுத்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். திருச்சியிலிருந்து அக்கா உடனே கேட்டாள்: "செம இடம்டி! எந்த ரிசார்ட்?"

அவளைக் குறை சொல்ல முடியாது. படத்தில் அப்படித்தான் இருந்தது. ஆனால் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. முள்வேலி போட்டுப் பத்தாயிரம் பேரை அடைத்து வைத்திருந்த இடம் ரிசார்ட் மாதிரித் தெரிகிறது என்றால் கோளாறு படத்திலா, இடத்திலா, பார்க்கிறவர்களிடமா? அங்கே நின்று மலையை ரசிக்கலாமா, கூடாதா? இயற்கை எழிலும் வரலாறும் ஒருங்கே அமைந்த இடம் என்று பயணக் கட்டுரைகளில் சர்வசாதாரணமாக எழுதுகிறார்கள். மான்சனார் இருக்கும் ஓவன்ஸ் பள்ளத்தாக்கில் எழில் வரலாற்றின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டு அதைக் கண்ணில் படாமல் மறைக்கிறது. எனக்குப் பிடிபடாமல் இருந்தது இதுதான்.

மலை பக்கம் திரும்பிய கேமரா

அந்த மலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். பொதுவாக ஒரு பெரிய மலை வருவதற்கு முன் சின்னச் சின்னக் குன்றுகள் வரும், சாலை வளையும், காது அடைக்கும், பிறகுதான் சிகரம் கண்ணில் படும். சியராவின் கிழக்குப் பக்கத்தில் அந்த மரியாதையெல்லாம் கிடையாது. பள்ளத்தாக்கின் தரையிலிருந்து பத்தாயிரம் அடிக்கு மேல் ஒரே எழும்பாக எழும்பி நிற்கிறது பாறைச் சுவர். லோன் பைன் ஊருக்கு நேர் மேலே விட்னி சிகரம், 14,505 அடி. அலாஸ்காவையும் ஹவாயையும் விட்டுவிட்டால் அமெரிக்காவிலேயே உயரமானது. மான்சனாருக்கு நேர் மேலே நிற்பது வில்லியம்சன் மலை. அதுவும் 14,000 அடிக்கு மேல்.

வில்லியம்சன் மலையை நீங்களும் பார்த்திருக்கக்கூடும், எங்கே பார்த்தோம் என்று தெரியாமலே. புகைப்படக் கலைஞர் ஆன்செல் ஆடம்ஸ் 1944-இல் எடுத்த கறுப்பு வெள்ளைப் படம் அது. முன்னால் யானை யானையாக உருண்டைப் பாறைகள், பின்னால் மேகத்தைக் கிழித்துக்கொண்டு இறங்கும் வெயில், அதற்கும் பின்னால் சிகரம். மனிதக் கைபடாத ஆதிப் பூமி என்று அதைப் பார்க்கிற யாரும் நினைப்பார்கள். ஆடம்ஸ் அந்தப் பக்கம் வந்ததே மான்சனார் முகாமைப் படமெடுக்கத்தான். முகாம் இயக்குநர் அவருக்கு நண்பர். படத்தின் தலைப்பிலேயே "மான்சனாரிலிருந்து" என்று இருக்கிறது. சட்டகத்துக்குள்தான் முகாம் இல்லை.

ஆடம்ஸ் மேல் எனக்குப் புகார் இல்லை என்று சொல்லவும் முடியவில்லை, இருக்கிறது என்று சொல்லவும் முடியவில்லை. முகாமில் இருந்தவர்களின் முகங்களை அவர் அருகில் போய், மரியாதையோடு எடுத்தார். ஜப்பானோடு போர் நடந்துகொண்டிருந்தபோதே அவற்றைப் புத்தகமாகவும் போட்டார். அந்தக் காலத்தில் அதற்குத் துணிச்சல் வேண்டும். ஆனால் முள்வேலியையும் காவல் கோபுரத்தையும் எடுக்க அனுமதி இல்லை என்பதால் அவர் படங்களில் அவை இல்லை. அவருக்கு முன்பே 1942-இல் அரசாங்கமே டோரதியா லாங்கை அனுப்பிப் படமெடுக்கச் சொன்னது. அவர் எடுத்த படங்களைப் பார்த்துவிட்டுப் போர் முடியும்வரை வெளியே விடாமல் பூட்டி வைத்துவிட்டார்கள். மூன்றாமவர் டோயோ மியாடகே. லாஸ் ஏஞ்சலஸில் ஸ்டுடியோ வைத்திருந்தவர், முகாமில் கைதியாக இருந்தவர். கேமரா கொண்டுவரக் கூடாது என்று விதி. லென்ஸை மறைத்து எடுத்துவந்து, முகாமிலேயே மரத்தில் பெட்டி செய்து மாட்டிக்கொண்டார். பார்த்தால் சாப்பாட்டுப் பெட்டி மாதிரி இருக்குமாம். முள்வேலியைப் பிடித்துக்கொண்டு மூன்று சிறுவர்கள் நிற்கும் படம் அவருடையது. அதன் ஓரத்தில் காவல் கோபுரம் நிற்கிறது.

மலையை மட்டும் காட்டியவர் விருந்தாளி, வேலியைக் காட்டியவர் உள்ளே இருந்தவர் என்று எளிதாகச் சொல்லி முடித்துவிடலாம். நானும் கொஞ்ச நாள் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். ஆனால் அதிலும் ஒரு நெருடல் இருந்தது.

கொட்டகைக்குள்

முகாமின் கதை பலருக்குத் தெரிந்ததுதான், சுருக்கமாகச் சொல்கிறேன். பேர்ல் ஹார்பரை ஜப்பான் தாக்கி இரண்டரை மாதத்தில், 1942 பிப்ரவரி 19 அன்று, ஜனாதிபதி ரூஸ்வெல்ட் 9066 என்ற எண்ணுள்ள ஆணையில் கையெழுத்துப் போட்டார். அதன் பேரில் மேற்குக் கரையிலிருந்த ஜப்பானிய வம்சாவளியினர் சுமார் 1,20,000 பேர் வீடு, கடை, வயல், மீன்பிடிப் படகு எல்லாவற்றையும் விட்டு வெளியேற்றப்பட்டார்கள். அவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் அமெரிக்காவிலேயே பிறந்த குடிமக்கள். வழக்கு இல்லை, விசாரணை இல்லை. பத்து நிரந்தர முகாம்கள் கட்டப்பட்டன. மான்சனார் அவற்றில் ஒன்று. ஒரு சதுர மைல் பரப்பில் 36 பிளாக்குகள், 504 தார்க் காகிதக் கொட்டகைகள், சுற்றிலும் எட்டுக் காவல் கோபுரங்கள். போர் முடிந்ததும் கொட்டகைகளைப் பிரித்து விற்றுவிட்டார்கள். இன்று நீங்கள் பார்ப்பவை தேசியப் பூங்காத் துறை மறுபடி கட்டியவை. கைதிகளே 1944-இல் கட்டிய அரங்கம் மட்டும் அப்படியே நிற்கிறது, அதுதான் இப்போது அருங்காட்சியகம். வாசலில் இருக்கும் கல் காவல் அறைகளும் பழையவைதான். அவற்றைக் கட்டியவர் ரியோஸோ காடோ என்கிற கொத்தனார். அவரும் கைதி. கல்லறைத் தோட்டத்து வெள்ளைத் தூணும் அவர் கைவேலைதான்.

14-ஆம் பிளாக்கில் ஒரு கொட்டகைக்குள் போனோம். 20 அடிக்கு 25 அடி அறை. எட்டுப் பேருக்கு ஒன்று என்று ஒதுக்கியிருக்கிறார்கள். குடும்பம் சின்னதாக இருந்தால் முன்பின் தெரியாதவர்களையும் சேர்த்துப் போட்டிருக்கிறார்கள். ஒரு எண்ணெய் அடுப்பு, உச்சியில் ஒற்றை பல்பு, இரும்புக் கட்டில்கள், வைக்கோல் அடைத்த மெத்தைகள். பச்சை மரப் பலகையில் போட்ட தரை. பலகை காய்ந்ததும் இடுக்கு விட்டுவிட்டது, கணு இருந்த இடங்களில் ஓட்டை விழுந்துவிட்டது. அந்த வழியாக மணல் உள்ளே வரும். தகர டப்பா மூடிகளைத் தட்டையாக்கி ஆணியடித்து அந்த ஓட்டைகளை அடைத்திருக்கிறார்கள். அப்பா குனிந்து தரையைத் தட்டிப் பார்த்தார். "தரைக்குக் கீழே காலி. காத்து அடியில புகுந்து வரும்" என்றார். நாங்கள் உள்ளே இருந்தபோதே காற்று எழும்பியது. பலகைச் சுவர் முழுக்க மெல்லிய ஊளை மாதிரி ஒரு சத்தம். கோடையில் 100 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டும், குளிர்காலத்தில் உறைநிலைக்குக் கீழே போகும். இதில் மூன்றரை வருஷம்.

பக்கத்தில் பெண்கள் கழிவறை. அதையும் மறுபடி கட்டி வைத்திருக்கிறார்கள். தடுப்பே இல்லாமல் வரிசையாகப் பீங்கான்கள், ஒன்றுக்கு முதுகு காட்டி இன்னொன்று. அட்டைப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்ச் சுற்றி வைத்துக்கொண்டு உட்கார்ந்த பெண்கள் இருந்திருக்கிறார்கள். கூட்டம் குறையட்டும் என்று நடுராத்திரிவரை காத்திருந்தவர்களும் உண்டு. அப்பா வாசலோடு திரும்பிவிட்டார். நான் உள்ளே போய்ப் பார்த்தேன். அங்கே ஜன்னல் வழியாக மலை தெரிகிறதா என்று பார்க்கக்கூடத் தோன்றவில்லை.

ஆனால் அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் தோட்டங்கள். இதை நான் எதிர்பார்க்கவில்லை. சாப்பாட்டுக் கூடத்துக்கு வெளியே வரிசையில் நிற்கிறவர்களுக்காகக் கைதிகள் குளம் வெட்டி, மலையிலிருந்து பாறை கொண்டுவந்து அடுக்கி, சின்னப் பாலம் போட்டுத் தோட்டம் அமைத்திருக்கிறார்கள். ஒரு பிளாக்கில் செய்ததைப் பார்த்து அடுத்த பிளாக்கில் இன்னும் பெரிதாக. போட்டி வேறு! மணல் மூடிக் கிடந்தவற்றைத் தொல்லியலாளர்களும் அங்கே இருந்தவர்களின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகளும் சேர்ந்து தோண்டி எடுத்திருக்கிறார்கள். தண்ணீர் இல்லாத குளத்தின் விளிம்பில் நின்று பார்த்தால் தோட்டத்துக்குப் பின்திரையாக மலை அப்படியே வந்து உட்காருகிறது.

மலையேறிய ஓவியர்

அரங்கத்தில் இருந்த காப்பாளர் ஒருவரிடம் சும்மா பேச்சுக் கொடுத்தபோதுதான் கீச்சி மாட்சுமுரா பற்றி முழுதாகத் தெரிந்தது. அதற்கு முன் கேள்விப்பட்டிருந்தேன், செய்தித்தாளில் ஓரமாக வந்த ஒரு பத்திச் செய்தியாக.

மாட்சுமுரா சான்டா மோனிகாவைச் சேர்ந்தவர். 46 வயது. மனைவி, பிள்ளைகளோடு மான்சனாரில் இருந்தார். 1945-ஆம் வருஷம் தொடங்கியபோதே வெளியேற்ற ஆணையை விலக்கிவிட்டார்கள், யார் வேண்டுமானாலும் போகலாம். ஆனால் போக இடம் வேண்டுமே. வீடும் பிழைப்பும் போனவர்கள் பலர் முகாமிலேயே இருந்தார்கள். காவல் தளர்ந்திருந்தது. மீன் பிடிக்கிறவர்கள் கூட்டமாக மலைக்குப் போய் ஏரிகளில் டிரவுட் பிடித்து வருவார்கள். அதற்கு முன்பே, காவல் கடுமையாக இருந்த நாட்களிலும், இருட்டில் வேலிக்கு அடியில் ஊர்ந்து போய் மீன் பிடித்துவிட்டுத் திரும்பி வந்தவர்கள் இருந்திருக்கிறார்கள். தப்பித்துப் போகாமல் திரும்பி வந்திருக்கிறார்கள் என்பதை நினைத்தால் ஒரு பக்கம் சிரிப்பாகவும் இருக்கிறது. எங்கே போவார்கள்? கரைப் பகுதியில் கால் வைத்தால் கைது.

ஆகஸ்ட் தொடக்கத்தில் அப்படி ஒரு மீன்பிடிக் கூட்டத்தோடு மாட்சுமுராவும் வில்லியம்சன் மலைப் பக்கம் ஏறினார். அவர் போனது படம் வரைய. மற்றவர்கள் மேலே ஏரிகளுக்குப் போனார்கள், அவர் வரைவதற்காகப் பின்தங்கினார். திடீரென்று புயல் அடித்தது. அவர் திரும்பவில்லை. ஒரு மாதம் கழித்து மலையேற வந்தவர்கள் உடலைக் கண்டார்கள். முகாமிலிருந்து போனவர்கள் அங்கேயே பாறைகளுக்கு இடையில் அடக்கம் செய்துவிட்டு வந்தார்கள். அதற்குள் போரும் முடிந்துவிட்டது. அந்த நவம்பரில் முகாமையும் மூடிவிட்டார்கள். 2019 அக்டோபரில் மலையேறப் போன இருவர் கற்களுக்கு நடுவே எலும்புகளைப் பார்த்துக் காவல் துறையிடம் சொன்னார்கள். மரபணுச் சோதனையில் அது மாட்சுமுரா என்று உறுதியானது. 2020 டிசம்பரில் சான்டா மோனிகாவில் அவர் மனைவி புதைக்கப்பட்ட இடத்திலேயே அடக்கம் செய்தார்கள்.

இந்தக் கதையைக் கேட்டுவிட்டு வெளியே வந்தேன். மலை அங்கேயேதான் இருந்தது. ஆனால் இத்தனை நேரம் என் மனதில் ஒரு நியாயம் ஓடிக்கொண்டிருந்ததே, வேலியைப் பார்க்கிறவர் உண்மையானவர், மலையைப் பார்க்கிறவர் சுற்றுலாப் பயணி என்று, அது அதற்கப்புறம் நிற்கவில்லை. மூன்று வருஷம் அந்த மலையைப் பார்த்துக்கொண்டே கிடந்த ஒருவர், வேலி திறந்ததும் முதலில் செய்ய நினைத்த காரியங்களில் ஒன்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு அதே மலைக்குப் படம் வரையப் போவது. அடைத்து வைத்தவர்களுடையதாக அந்த மலையை அவர் நினைக்கவில்லை போலிருக்கிறது. அங்கே மலையைப் பார்க்கக் கூடாது என்று சொல்ல நான் யார்?

ஆக, ரசிக்கலாமா என்கிற கேள்வி ஒருவழியாகத் தீர்ந்தது. ஆனால் அப்பா இன்னொன்றைக் கிளப்பிவிட்டார்.

தலைமடை

காலையில் வீட்டிலிருந்து கிளம்பியதுமே நடந்தது இது. நாங்கள் இருப்பது லாஸ் ஏஞ்சலஸின் சான் பெர்னாண்டோ பள்ளத்தாக்கில். 395-க்குப் போக சில்மார் வழியாகத்தான் போக வேண்டும். அங்கே மலைச் சரிவில் கான்கிரீட் வாய்க்கால் ஒன்றில் வெள்ளை வெளேரென்று தண்ணீர் இறங்குவது நெடுஞ்சாலையிலிருந்தே தெரியும். அப்பா பார்த்துவிட்டார். அப்புறம் வண்டியை நெடுஞ்சாலையிலிருந்து இறக்கி ஓரங்கட்டாமல் முடியுமா?

"இது எங்கேருந்தும்மா வருது?"

"நாம போற இடத்துலேருந்துதாம்பா. முந்நூத்தி எழுபது கிலோமீட்டர்."

"பம்ப் ஹவுஸ் எத்தனை?"

"ஒண்ணுகூட இல்லை. சரிவுலயே வருது."

அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. மனசுக்குள் கணக்குப் போடுகிறார் என்று தெரிந்தது. "நடுவுல எத்தனை மலை இருக்கு! சைஃபன் போட்டிருப்பான். யார் செஞ்சது?" என்றார். வில்லியம் முல்ஹாலண்ட் என்றேன். அயர்லாந்திலிருந்து பிழைக்க வந்து, லாஸ் ஏஞ்சலஸில் வாய்க்கால் தூர்வாரும் வேலையில் சேர்ந்து, ராத்திரி உட்கார்ந்து புத்தகம் படித்தே பொறியாளர் ஆனவர். 1908-இல் தொடங்கி 1913-இல் முடித்துவிட்டார். நவம்பர் 5 அன்று மதகைத் திறந்தபோது அவர் சொன்னதில் இன்றும் எல்லோரும் நினைவில் வைத்திருப்பது ஒரே வரிதான்: "இதோ இருக்கிறது, எடுத்துக்கொள்ளுங்கள்." அப்பாவுக்கு அந்த மனிதரை ரொம்பப் பிடித்துவிட்டது. மொஹாவி தாண்டும்வரை அவரைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தார்.

ஓலாஞ்சா தாண்டியதும் வலது பக்கம் ஓவன்ஸ் ஏரி வரும். வரைபடத்தில் நீலமாகப் போட்டிருப்பார்கள். நேரில் வெள்ளை உப்புப் பொருக்கு, நடுநடுவே பாத்தி கட்டிய மாதிரி ஆழமில்லாத தண்ணீர், சரளை கொட்டிய திட்டுகள். சுமார் 110 சதுர மைல் பரப்பில் நீராவிப் படகு ஓடிய ஏரி. ஆற்றை மேலேயே திருப்பிவிட்டதால் 1920-களின் நடுவில் வற்றிப் போனது. பிறகு காற்றடித்தால் தரையிலிருந்து மாவு மாதிரித் தூசி எழும்ப ஆரம்பித்தது. நெடுங்காலம் அமெரிக்காவிலேயே நுண்தூசியை அதிகம் கிளப்பும் ஒற்றை இடம் இதுதான். நீதிமன்றம், ஒப்பந்தம் என்று இழுத்து, 2001-இலிருந்து நகரம் தன் செலவில் தூசியை அடக்கி வருகிறது. இதுவரை 200 கோடி டாலருக்கு மேல் ஆகியிருக்கிறது.

அப்பா இறங்கி நின்று பார்த்துவிட்டுச் சொன்னார்: "நம்ம ஊர்ல கடைமடை காயும். இங்கே தலைமடை காஞ்சிருக்கு."

இதைவிடச் சுருக்கமாக இந்தப் பள்ளத்தாக்கின் கதையை யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. லாஸ் ஏஞ்சலஸுக்காக நிலம் வாங்க வந்தவர்களில் முன்னாள் மேயர் ஒருவரும் உண்டு. யாருக்காக வாங்குகிறார் என்று தெரியாமலேயே பலர் விற்றார்கள். நிலத்தோடு தண்ணீர் உரிமையும் போனது. விஷயம் புரிந்தபோது ஆறு கையை விட்டுப் போயிருந்தது. 1924 நவம்பரில் உள்ளூர்க்காரர்கள் கால்வாயின் அலபாமா மதகைக் கைப்பற்றித் தண்ணீரைப் பழைய ஆற்றிலேயே திறந்துவிட்டார்கள். பெண்டு பிள்ளைகளோடு வந்து மதகடியிலேயே சமைத்துச் சாப்பிட்டு நான்கு நாள் உட்கார்ந்தார்கள். அதற்கு முன்னும் பின்னும் கால்வாயை டைனமைட் வைத்து உடைத்தார்கள். 1927-இல் போராட்டத்துக்குத் தலைமை தாங்கிய சகோதரர்களின் வங்கி திவாலானது. அவர்கள் சிறைக்குப் போனார்கள். அதோடு எல்லாம் அடங்கிவிட்டது. நகரம் மிச்ச நிலத்தையும் வாங்கிப் போட்டது. இன்றும் பள்ளத்தாக்குத் தரையில் பெரும்பகுதி லாஸ் ஏஞ்சலஸ் நகரத்துக்குச் சொந்தம்.

இப்போது மான்சனாருக்குத் திரும்ப வாருங்கள். முகாம் வருவதற்கு முன் அங்கே அதே பெயரில் ஒரு ஊர் இருந்தது. 1910-இல் உருவான ஊர், ஆப்பிள், பேரி, பீச் தோட்டங்கள், பள்ளிக்கூடம், கடை எல்லாம் இருந்தது. நகரம் அதையும் விலைக்கு வாங்கியது, 1930-களின் நடுவில் ஊர் காலி. 1942-இல் ராணுவம் இடம் தேடியபோது கரையிலிருந்து தள்ளி, ரயில் பாதைக்குப் பக்கத்தில், தண்ணீர் வசதியோடு, ஆளில்லாத நிலம் தயாராகக் கிடந்தது. அதற்கும் முன்னால் 1863-இல் இதே ராணுவம், அங்கே வாய்க்கால் வெட்டிப் பாசனம் செய்துகொண்டிருந்த பூர்வகுடிகளான பையூட் மக்கள் ஏறத்தாழ ஆயிரம் பேரைத் திரட்டித் தெற்கே டெஹோன் கோட்டைவரை நடத்திக் கூட்டிக்கொண்டு போனது. பிறகு பலர் தப்பித் திரும்பி வந்து, தங்கள் மண்ணிலேயே கூலிக்கு வேலை செய்தார்கள். அவர்களுடைய தண்ணீர் உரிமை வழக்கு இன்னும் தீரவில்லை.

395-இல் போகும்போது நாம் வாயைப் பிளக்கிறோமே, ஒரு விளம்பரப் பலகை இல்லை, ஒரு மால் இல்லை, வீட்டுமனை இல்லை, மலையடிவாரம்வரை வெட்டவெளி என்று, அது இயற்கை விட்டுவைத்த வெளி இல்லை. முதலில் பையூட்டுகள், பிறகு தோட்டக்காரர்கள், கடைசியில் கைதிகள் என்று ஒவ்வொருவராகக் காலி செய்ததில் கிடைத்தது. கலிஃபோர்னியாவில் இத்தனை அழகான மலைக்கு எதிரே இத்தனை நிலம் சும்மா கிடக்கிறதென்றால் அதற்குக் காரணம் என் சமையலறைக் குழாய். மலையை ரசிப்பதில் எனக்கு இப்போது சங்கடமில்லை. வெட்டவெளியை ரசிப்பதில்தான் இருக்கிறது.

இதில் ஒரு முடிச்சும் உண்டு. சில வருஷங்களுக்கு முன் அதே நகர நீர்த் துறை, மான்சனாருக்கு எதிர்ப்பக்கம் பெரிய சூரிய மின் நிலையம் கட்டத் திட்டமிட்டது. சுற்றுச்சூழலுக்கு நல்லதுதானே? ஆனால் பையூட் மக்கள், முகாமில் இருந்தவர்களின் வாரிசுகள், மாடு வளர்க்கிற வெள்ளைக்காரர்கள் எல்லோரும் ஒன்றுசேர்ந்து எதிர்த்தார்கள். திட்டம் கைவிடப்பட்டது. அந்த வெளி எப்படி வந்தது என்று நன்றாகத் தெரிந்தவர்களே அது அப்படியே இருக்கட்டும் என்கிறார்கள். எனக்கு இதை எந்தப் பெட்டியில் போடுவது என்று தெரியவில்லை.

போகிறவர்களுக்கு

மாமத் போகிற வழியில் கால் மணி நேரம் எட்டிப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று தயவுசெய்து நினைக்காதீர்கள். லோன் பைனில் ஒரு ராத்திரி தங்குங்கள். ஊருக்கு மேற்கே அலபாமா குன்றுகள் இருக்கின்றன, உருண்டைப் பாறைகளின் காடு. நூற்றுக்கணக்கான கௌபாய் படங்கள் எடுத்த இடம். நமக்கு அதில் இன்னொரு வேடிக்கையும் உண்டு: 1939-இல் வந்த "கங்கா தின்" படத்தில் வடமேற்கு எல்லைப்புற இந்தியாவாக நடித்தது இந்தக் குன்றுகள்தான். அப்பா அந்தப் பாறைகளைப் பார்த்துவிட்டு, "இந்தியான்னு சொன்னா யாராவது நம்புவானா?" என்றார். நம்பியிருக்கிறார்கள். இன்னொரு சின்னத் தகவல்: அமெரிக்க உள்நாட்டுப் போரில் தென்தரப்பு ஆதரவாளர்கள் தங்கள் போர்க்கப்பல் "அலபாமா"வின் பெயரைக் குன்றுகளுக்கு வைத்தார்கள். அந்தக் கப்பலை மூழ்கடித்தது வடதரப்பின் "கியர்சார்ஜ்". உடனே வடதரப்பு ஆதரவாளர்கள் இன்டிபென்டன்ஸ் பக்கத்துச் சிகரம் ஒன்றுக்கு அந்தப் பெயரை வைத்துவிட்டார்கள். தெருப்பெயருக்குச் சண்டை போடும் நமக்கு இது புரியும்.

மான்சனாருக்கு நுழைவுக் கட்டணம் இல்லை. அரங்கத்தில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பெயர்கள் எழுதிய பெரிய திரை தொங்குகிறது, அதிலிருந்து தொடங்குங்கள். முகாமைச் சுற்றி மூன்று மைல் சொச்சத்துக்கு வண்டிப் பாதை போகிறது, ஆனால் முடிந்தவரை நடந்து போங்கள். பழைய ஊர்க்காரர்கள் நட்டு, கைதிகள் கவாத்து செய்து பிழைக்க வைத்த பேரி மரங்கள் சில இன்னும் நிற்கின்றன. பூக்கிற காலம் வசந்தத் தொடக்கம். 1969-இல் தொடங்கிய யாத்திரை இப்போது ஆண்டுதோறும் ஏப்ரல் கடைசிச் சனிக்கிழமை நடக்கிறது. அன்று கூட்டம் இருக்கும், ஆனால் அங்கே வாழ்ந்தவர்களின் குடும்பங்களோடு பேசக் கிடைக்கிற நாளும் அதுதான்.

காலையில் போகாதீர்கள், மதியத்துக்கு மேல் போங்கள். காலையில் காற்று இருக்காது, பூங்காவுக்கு வந்த மாதிரி இருக்கும். மதியம் தாண்டினால் பள்ளத்தாக்கில் காற்று எழும்பும். அந்த நேரம் 14-ஆம் பிளாக்குக் கொட்டகைக்குள் போய்க் கொஞ்ச நேரம் சும்மா நில்லுங்கள். பல்லில் மணல் நறநறக்கும், அதனால் குடிக்கத் தண்ணீர் கையில் இருக்கட்டும். லாஸ் ஏஞ்சலஸிலிருந்து பாட்டிலில் பிடித்துக்கொண்டு போகிறவர்கள் அதைப் பிறந்த ஊருக்கே எடுத்துக்கொண்டு போகிறார்கள் என்று அப்பா சொன்னார்.